கடுக்காய், திரிபலா: நம்ம ஊர் ஈரத்தில் வீட்டிலேயே அரைக்கிறவர்களுக்கு

பால்மரத்தடி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றும் சேர்ந்த திரிபலா சூரணத்தைக் கடையில் பொடியாக வாங்காமல் வீட்டிலேயே அரைக்கலாம் என்று இருக்கிறேன். பாசார் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ கடுக்காய் கிடைத்தது. பாதி மஞ்சள் ஓடிய பழுப்பு, பாதி கறுத்துச் சுருங்கியது. சிலவற்றில் ஊசி குத்தினாற்போல் துளை. கேட்க வேண்டியவை இவை:

எதைக் கழிக்க வேண்டும்? மூன்று காயும் சம எடையா, இல்லை ஒன்றுக்கு இரண்டு நான்கா? பருவத்துக்கு ஒரு துணைப்பொருள் சேர்க்கச் சொல்கிறார்களே, ஆண்டு முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் அதை எப்படிப் பார்ப்பது? அரைத்த பொடி பத்து நாளில் கட்டி தட்டாமல் இருக்க என்ன வழி?

கல்வம் (ஈப்போ)

தம்பி, துளை விழுந்ததை யோசிக்காமல் கழியுங்கள். வண்டு உள்ளே புகுந்த காயில் சதை போய் மாவும் எச்சமும்தான் மிஞ்சும். பூசணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

நல்ல காய்க்கு அடையாளம்: நீள்உருண்டை வடிவம், நெடுக்காக ஐந்து வரி, கையில் வைத்தால் உருவத்துக்கு மீறிய கனம். தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்கார வேண்டும், மிதப்பது சொத்தை. காதருகே வைத்துக் குலுக்குங்கள். கொட்டை கடகடவென்று ஆடினால் தோல் வற்றிக் கொட்டையை விட்டுப் பிரிந்துவிட்டது, பழைய சரக்கு. ஒன்றை உடைத்தும் பாருங்கள். தோல் தடித்து, உட்புறம் மஞ்சள் கலந்த பழுப்பாக, இழை நெருக்கமாக இருந்தால் சரி. சாம்பல் தூள் பறந்தால் அந்த மொத்தச் சரக்கையும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கறுத்ததில் இரண்டு வகை இருக்கிறது. சிறியதாக, கொட்டை முற்றாமல், உடைத்தால் உள்ளே முழுதும் கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் அது பிஞ்சுக் கடுக்காய். கெட்டுப்போனது இல்லை, ஆனால் திரிபலாவுக்கு அது வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள். பெரிய காய் மேலே கறுத்து, விரலால் தேய்த்தால் கறை ஒட்டினால் அது ஈரம் பட்ட காய். அது எதற்கும் ஆகாது.

செம்பனைச்செல்வி (சுங்கை சிப்புட்)

கடையில கேட்கும்போதும் கவனமா இருங்க. மலாய்க்காரங்க கடையில மஞ்சாகானின்னு ஒன்னு விப்பாங்க, பிரசவத்துக்கு அப்புறம் பாவிக்கிறது. சில பேர் அதையே கடுக்காய்னு வாங்கிட்டு வந்துடறாங்க. அது நம்ம மாசிக்காய். உருண்டையா, மேல முண்டு முண்டா இருக்கும், வரி இருக்காது, பூச்சி வெளியேறின ஓட்டை ஒன்னு இருக்கும். அது காயே இல்ல, ஒரு மரத்துல பூச்சி முட்டை வெச்ச இடத்துல வீங்கி வர்றது.

சின்சே கடையில, அதான் சீன மருந்துக் கடையில, ஹோ ஜின்னு கேட்டா முற்றின கடுக்காயே கொடுப்பாங்க. தரம் நல்லா இருக்கும், ஆனா சில கடையில ஏற்கெனவே சுட்டு வெச்சிருப்பாங்க. சுடாததுன்னு சொல்லிக் கேளுங்க. ஏன்னு கல்வம் ஐயா சொல்லுவார்.

நெல்லிக்கு வந்தா இன்னும் குழப்பம். வீட்டு வாசல்ல கொத்துக் கொத்தா காய்க்கிற செர்மாய் அரைநெல்லி. அது ஊறுகாய்க்கு, திரிபலாவுக்கு இல்ல. வேண்டியது பெருநெல்லி. மலாக்கா ஊருக்கே பேர் கொடுத்ததா சொல்ற மரம் அதுதான். நெல்லி வற்றல் வாங்கினா ஒன்ன நாக்குல வெச்சுப் பாருங்க. உப்புக் கரிச்சா வைங்க கீழ. நொறுக்குத் தீனிக்கு உப்புல போட்டுக் காய வெச்சது அது. சூரணத்துல கலந்தா பொடி தண்ணி இழுத்து ரெண்டே நாள்ல களியாயிடும்.

பால்மரத்தடி

அக்கா, நல்லவேளை சொன்னீங்க. என்னிடம் இருக்கும் நெல்லி வற்றல் உப்புப் போட்டதுதான். மாற்றிவிடுகிறேன். கடுக்காய்க் கொட்டையை எப்படி எடுப்பது? இரும்பு உரல் இருக்கிறது, அதில் இடிக்கலாமா?

கல்வம்

இரும்பு கூடாது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. அது இரும்போடு சேர்ந்தால் மையைப் போலக் கறுக்கும். பொடி நீலம் கலந்த கறுப்பாகிவிடும், நாக்கில் இரும்பு வாடை நிற்கும். கல் உரல், அம்மி, இல்லையென்றால் கெட்டியான பலகை மேல் குழவியால் தட்டுங்கள். காயைப் படுக்க வைத்து வரியின் மேல் ஓர் அடி. நின்ற வாக்கில் அடித்தால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கிச் சில்லு தோலோடு கலந்துவிடும்.

சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பது நம்மவர் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் கடையில் விற்கும் மலிவுப் பொடியில் பெரும்பாலும் கொட்டையோடு அரைத்ததுதான் இருக்கும், எடை கூடும் அல்லவா! வெளிறிய நிறமும் நறநறப்பும் அதைக் காட்டிக் கொடுக்கும். தான்றிக்காயிலும் கொட்டையை விடாதீர்கள். உள்ளிருக்கும் பருப்பு மயக்கம் தரும் என்றே ஆயுர்வேதம் சொல்கிறது. அரைக் கிலோ கடுக்காய் உடைத்தால் பாதிக்குச் சற்று மேலே தோல் தேறும். கணக்கைத் தோலில் போடுங்கள், முழுக் காயில் போடாதீர்கள்.

சித்த முறையில் அரிசி கழுநீரில் இரவு ஊறவைத்துக் கொட்டை நீக்கி உலர்த்துவது உண்டு. வெயில் உறுதியாக இருக்கும் வாரத்தில் செய்யுங்கள். ஊறிய தோல் நம் ஊரில் மாலை மழைக்கு மாட்டினால் மறுநாளே புளித்த வாடை, மூன்றாம் நாள் வெள்ளைப் பூப்பு. மழை வாரத்தில் ஊறவைக்காமல், ஈரத் துணியால் துடைத்து உடைப்பதே மேல்.

செம்பனைச்செல்வி

உலர்ந்துடுச்சான்னு பார்க்க ஒரு வழி: தோலை ரெண்டு விரல்ல பிடிச்சு வளைங்க. படக்னு ஒடியணும். வளைஞ்சு கொடுத்தா இன்னும் ஈரம் இருக்கு. வெயில் இல்லேன்னா ஓவன்ல 50 டிகிரி வெச்சு, கதவ ஒரு கரண்டி சொருகுற அளவுக்குத் திறந்து விட்டு மூனு நாலு மணி நேரம். சூடு கூட்டினா தோல் கருகி வாசம் போயிடும்.

மிக்சியில அரைக்கும்போது பத்து நொடி ஓட்டி நிறுத்துங்க. தொடர்ந்து ஓட்டினா சூடேறி, பொடி ஜாரோட சுவத்துல பசையா ஒட்டிக்கும். கொட்டைச் சில்லு ஒன்னு தப்பிச்சு உள்ள போனாலும் பிளேடு போச்சு. கடைசியில மெல்லிசான பருத்தித் துணியில சலிக்கணும். மாவு சல்லடையில சலிச்சா திப்பி தங்கி, குடிக்கும்போது தொண்டையில கரகரன்னு நிக்கும். அந்தத் திப்பியத் தூக்கிப் போடாதீங்க, வாய் கொப்பளிக்கக் கஷாயத்துக்கு ஆகும்.

வஸ்திரகாயம் (கோலகங்சார்)

அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடுக்காய் ஒன்று, தான்றி இரண்டு, நெல்லி நான்கு என்ற கணக்கு காய்களின் எண்ணிக்கை. அது எடைக் கணக்கு இல்லை. நூல் கணக்கில் ஒரு கடுக்காயின் எடை இரண்டு கர்ஷம் (பழைய எடை அளவு), ஒரு தான்றி ஒரு கர்ஷம், ஒரு நெல்லி அரைக் கர்ஷம். பெருக்கிப் பாருங்கள், மூன்றும் சமமாக வந்து நிற்கும். ஆக, இரண்டும் ஒரே அளவுதான்.

இதை எடையாக எடுத்துக்கொண்டு, 50 கிராம் கடுக்காய்க்கு 200 கிராம் நெல்லி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கெடுதல் இல்லை. நெல்லி தூக்கலாக இருப்பதால் வயிற்றை மெதுவாகத்தான் இளக்கும், எரிச்சல் உள்ளவர்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் மலக்கட்டுக்கு என்று செய்துவிட்டு வேலை செய்யவில்லையே என்று பிறகு வருந்தக் கூடாது. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு நாளைக்கு 5 கிராம் வீதம் 150 கிராம் போதும். தோல் மூன்றும் ஐம்பது ஐம்பது கிராம் எடுங்கள். மூன்றையும் தனித்தனியாக அரைத்துச் சலித்த பிறகு நிறுத்துக் கலக்க வேண்டும். சேர்த்து அரைத்தால் நெல்லி சீக்கிரம் பொடிந்து கீழே போகும், கடுக்காய் திப்பியாகச் சல்லடையில் நின்றுவிடும். போட்ட அளவு ஒன்று, கிடைத்த அளவு வேறு என்றாகிவிடும்.

லாடாங்_மோட்டார் (சுங்கை சிப்புட்)

ஐயா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். மலச்சிக்கலுக்குக் கடுக்காயைக் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் கொடுத்தால் இன்னும் இறுகுகிறதே. பொடியில் இப்படி ஆவதில்லை. காய் ஒன்றுதானே?

கல்வம்

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடுக்காய் ஒன்றுதான், ஆனால் பக்குவம் மாறினால் வேலை மாறும். ஆயுர்வேதம் இதை நான்காகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது: மென்று தின்றால் பசித்தீ வளரும். பொடித்துத் தின்றால் மலம் கழியும். வேகவைத்தால் மலத்தைக் கட்டும். வறுத்தால் வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷத்துக்கும் ஆகும்.

உங்கள் வீட்டில் நடந்தது மூன்றாவது. வேகவைத்த கடுக்காயில் துவர்ப்பு மேலோங்கி நிற்கும், குடலை இறுக்கிப் பிடிக்கும். வயிற்றுப்போக்குக்குச் சின்சே சுட்ட கடுக்காய் கொடுப்பதும் இதே போக்கில்தான். செல்வி சுடாததாகக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான். மலக்கட்டுக்குச் சுட்டதை வாங்கிக் கொடுத்தால் எதிராகப் போகும்.

மெல்லுவது எப்படி: ஒரு கடுக்காய்த் தோலில் கால் பங்கு, ஏறக்குறைய ஒரு கிராம், சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் வாயில் அடக்கி மெல்ல மெல்லச் சப்பிச் சாற்றை விழுங்குவது. முதலில் வாயை இழுக்கும் துவர்ப்பு, பிறகு லேசான கசப்பு, புளிப்பு. சாறு இறங்கி, மேலே தண்ணீர் குடித்தால் இனிப்புத் தட்டும். உப்பைத் தவிர ஐந்து சுவையும் இதில் உண்டு என்பதை நாக்கே சொல்லிவிடும். கடைசியில் மிஞ்சும் நாரைத் துப்பிவிடலாம்.

பொடி: இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, வெந்நீரில். மாலைக் கடுக்காய் என்று நம்மவர் சொல்லி வைத்ததும் இந்த நேரத்தைத்தான். ஆறிய நீரில் கலந்தால் பொடி அடியில் தங்கும், மேலே நிற்கும் நீரை மட்டும் குடித்துவிட்டுப் பயனில்லை என்பார்கள். கலக்கிக்கொண்டே குடித்து, அடியை இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் குடிக்க வேண்டும்.

வறுப்பது: இதற்குத்தான் நீங்கள் ஒதுக்கி வைத்த பிஞ்சுக் கடுக்காய். 50 கிராம் பிஞ்சுக்கு ஒரு தேக்கரண்டி நெய், சிறு தீ, அடி கனத்த எவர்சில்வர் சட்டி. நெய் சூடானதும் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். சுருங்கிய காய் உப்பி, தோல் விரிந்து, வறுத்த வாசம் வரும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கரி. விளக்கெண்ணெயில் வறுப்பதும் உண்டு, மூல உபத்திரவக்காரர்களுக்கு அது. நெய்யில் வறுத்துப் பொடித்தது இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது, சிக்கு வாடை பிடிக்கும். கொஞ்சமாகச் செய்யுங்கள்.

எதோடு சாப்பிடுகிறோம் என்பதிலும் மாறும். கபத்துக்கு இந்துப்பு, பித்தத்துக்குச் சர்க்கரை, வாதத்துக்கு நெய், பொதுவில் வெல்லம்.

பால்மரத்தடி

இது விளங்கிவிட்டது ஐயா. பருவக் கணக்கும் இதே மாதிரிதானா?

வஸ்திரகாயம்

ஆமாம், ருது ஹரீதகி, அதாவது பருவத்துக்கு ஏற்ற கடுக்காய் என்பது அது. ஆவணி புரட்டாசி மழைக்கு இந்துப்பு, ஐப்பசி கார்த்திகைக்குச் சர்க்கரை, மார்கழி தைக்குச் சுக்கு, மாசி பங்குனிக்குத் திப்பிலி, சித்திரை வைகாசிக்குத் தேன், ஆனி ஆடிக்கு வெல்லம். ரசாயனமாக, அதாவது உடலைத் தேற்றும் மருந்தாக, ஆண்டு முழுதும் தின்கிறவர்களுக்கு இது. இங்கேயும் அதே மாதக் கணக்கைப் பிடிப்பதுதான் முறை என்பது என் கருத்து. நூலில் இருப்பதை நாம் திருத்தலாகாது.

கல்வம்

தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டியல் பாரத நாட்டின் ஆறு பருவத்தை வைத்து எழுதியது. அங்கே மாசியில் பனி உண்டு, திப்பிலி சேர்க்கக் காரணம் உண்டு. நம் பேராக்கில் மாசியில் பனியா பெய்கிறது? ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் சற்று வறட்சி. ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் பெருமழை. சித்திரையில் அங்கே இளவேனில், இங்கே பிற்பகல் இடியும் மழையும். மாதத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டால் காரணத்தை விட்டுவிடுவோம்.

மழைக்கு இந்துப்பு எதற்கு? மழையில் வாதம் கிளம்பும், செரிமானம் மந்தமாகும், உப்பு அதைத் தூக்கிவிடும். ஆகவே நம் ஊரில் விடாத மழை வாரங்களில் இந்துப்பு, வறட்சி வாரங்களில் வெல்லம், சளி கட்டியிருக்கும் நாளில் தேன். இது நூலின் வரி இல்லை, நூலின் காரணத்திலிருந்து எடுத்தது. தேசம், காலம் பார்த்து மருந்து கொடு என்று அதே நூல்கள்தான் சொல்கின்றன.

வஸ்திரகாயம்

தேசம், காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானத்தைப் பார்த்து வாரத்துக்கு ஒரு துணைப்பொருளை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். ஒன்றைத் தொடங்கினால் இரண்டு மாதமாவது மாற்றாமல் இருப்பது நல்லது. தேனைக் கொதிநீரில் கலக்க வேண்டாம், பொடியைத் தேனில் குழைத்து நக்கிவிட்டு மேலே வெதுவெதுப்பான நீர் குடியுங்கள்.

ஈப்போ_மருந்தாளர்

துணைப்பொருள் பேச்சில் ஒன்று விடுபடுகிறது. நம்மில் எத்தனை வீட்டில் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இல்லை? சர்க்கரை உள்ளவர்களுக்கு வெல்லம், தேன், சர்க்கரை மூன்றும் வேண்டாம். அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்துப்பும் உப்புத்தான், மலையில் வெட்டியது என்பதால் சோடியம் குறையாது. இவர்களுக்கு வெறும் வெந்நீர் போதும்.

அளவு: இந்திய ஆயுர்வேத மருந்து நூலில் கடுக்காய்ப் பொடிக்கு 3 முதல் 6 கிராம். முதல் வாரம் தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே தொடங்குங்கள். வயிறு முறுக்கினாலோ காலையில் இரண்டு தடவைக்கு மேல் இளகிப் போனாலோ பாதியாகக் குறையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் நிறுத்துங்கள்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதே நேரத்தில் கடுக்காய் எடுக்கக் கூடாது. உரலில் நடந்த அதே வேலை வயிற்றிலும் நடக்கும்: துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. மற்ற மாத்திரைகளுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்கி, சர்க்கரை இறங்குகிறதா என்று அடிக்கடி குத்திப் பாருங்கள். வார்பரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு, பட்டினி கிடப்பவருக்கு, மெலிந்து தளர்ந்தவருக்கு, கடும் தாகத்தில் இருப்பவருக்கு, புதுக் காய்ச்சலுக்குக் கடுக்காய் ஆகாது என்று ஆயுர்வேதமே விலக்கி வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்தப் புதுக் காய்ச்சலை அழுத்திச் சொல்கிறேன். தோட்டப் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியை நினைக்க வேண்டும். அப்போது வயிற்றைக் கழுவுகிறேன் என்று திரிபலா கொடுத்தால் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், பொடி டப்பாவைத் திறக்காதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, திடீரென்று மாறிய மலப்போக்கு, இவையும் கிளினிக்குக்குத்தான்.

பொடியாகவோ மாத்திரையாகவோ அடைத்து விற்பதை வாங்கினால் லேபிளில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எட்டு எண்ணுக்குப் பிறகு வரும் டி (T) என்ற எழுத்து பாரம்பரிய மருந்து என்பதற்கான அடையாளம். சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பொருளின் பெயர் வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள்.

லாடாங்_மோட்டார்

நன்றி சார். பொடியை எத்தனை நாள் வைக்கலாம்? பிரிட்ஜில் வைத்தால் கெடாதா?

செம்பனைச்செல்வி

சூரணத்துக்கு ரெண்டு மாசம்தான் வீரியம்னு பழைய கணக்கு. நம்ம ஈரத்துக்கு ஒரு மாசத்துக்கு மேல அரைக்காதீங்க. தோலா வெச்சுக்கங்க, வேணும்போது அரைங்க.

கண்ணாடிப் புட்டி, திருகு மூடி, வாய் வரைக்கும் நிரப்பி. பாதி காலியா இருந்தா உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரமே போதும். ஒரு மாசப் பொடிய ரெண்டு சின்னப் புட்டியில பிரிச்சு வெச்சா, ஒன்னு முடியிற வரைக்கும் இன்னொன்னத் திறக்க வேண்டியதில்ல. கரண்டி காஞ்சிருக்கணும். வெந்நீர்க் குவளைக்கு மேல புட்டியப் பிடிச்சுக்கிட்டு அள்ளுறதுதான் பெரிய தப்பு, ஆவி நேரா உள்ள போகும். அங்கதான் கட்டி தட்ட ஆரம்பிக்குது.

பிரிட்ஜ்ல வைக்கலாம், ஆனா எடுத்த உடனே திறக்காதீங்க. வெளியில அரை மணி வெச்சு, புட்டி மேல பூத்த தண்ணியத் துடைச்சிட்டுத் திறங்க. கட்டி தட்டின பொடிய உடைச்சுச் சலிச்சுத் திரும்ப வைக்கிறதெல்லாம் வேணாம். பாசி வாடையோ, பச்சை, வெள்ளைப் புள்ளியோ இருந்தா மேலாக எடுத்துட்டு மிச்சத்தப் பாவிக்காதீங்க, மொத்தமா கொட்டிடுங்க.

பால்மரத்தடி

சலித்த திப்பிக் கஷாயத்தின் அளவையும் சொல்லிவிடுங்கள். கண் கழுவவும் அது ஆகும் என்று கேள்விப்பட்டேன். அபயாரிஷ்டமும் வீட்டில் செய்யலாமா?

கல்வம்

வாய்ப்புண்ணுக்கு, ஈறு வீக்கத்துக்கு: 10 கிராம் திப்பி, 400 மில்லி தண்ணீர், பாதியாகச் சுண்டும் வரை சிறு தீ. எவர்சில்வர் அல்லது மண் சட்டி. துணியில் வடித்து, வெதுவெதுப்பில் ஒரு வாய் எடுத்து ஒன்றிரண்டு நிமிடம் அடக்கித் துப்புங்கள், நாளைக்கு இரண்டு வேளை. அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. மாதக் கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்பு ஏறும், ஆகவே புண் ஆறியதும் நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணுக்கு வீட்டில் வடித்த நீர் வேண்டாம். துணியில் எத்தனை முறை வடித்தாலும் நுண்தூள் நிற்கும், கிருமியும் போகாது. அது மருத்துவமனையில் தூய்மைப்படுத்திச் செய்ய வேண்டிய வேலை.

அபயாரிஷ்டம் கடுக்காய் 100 பலம், திராட்சை 50, வாய்விடங்கம் 10, இலுப்பைப்பூ 10 போட்டு, நான்கு துரோணம் நீரைக் கால் பங்காகச் சுண்ட வைத்து, வெல்லம் 100 பலம் கரைத்துப் புளிக்க வைக்கும் மருந்து (பலம், துரோணம் இரண்டும் பழைய அளவுகள்). பக்குவம் தவறினால் காடியாகிவிடும், இல்லை மேலே பூசணம் படரும். புளிப்பில் தானாகவே சாராயச் சத்து ஊறும், வெல்லமும் நிறைய. பதிவு எண் உள்ளதை வாங்குங்கள். மது தொடாதவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதை விட்டுவிட்டுப் பொடியே சாப்பிடலாம்.